பதிவேட்டில் இல்லாத பெண்

மத்தூரைத் தாண்டிய ஒரு சிற்றூரின் குடிநீர் அலுவலகத்தில் நான் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தபோது, பதிவேட்டில் இருந்த ஒரே பெண் நான்தான். பதிவேட்டில் இல்லாத ஒருத்தியும் இருந்தாள். வால்வு திறப்பவரின் மனைவி. லாரி மோதி இடுப்பு உடைந்து அவர் படுத்ததிலிருந்து, நான்கு வருடமாக அவர் பெயரில் அவள்தான் தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் திறந்துவிட்டுக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல் இருப்பதில் எங்கள் அலுவலகத்தை மிஞ்ச ஆளில்லை.

ஒரு மார்ச் மாதம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. குடிநீர்ப் பணியில் பெண்களின் பங்கைப் படத்துடன் அனுப்ப வேண்டுமாம். அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், நீங்க வால்வு திருப்புற மாதிரி ஒரு போட்டோ எடுத்துரலாம். ஹெல்மெட் போட்டுக்குங்க."

"வால்வு தரைக்குக் கீழ இருக்குது சார். தலையில என்ன விழப்போகுது?"

"பாக்க நல்லா இருக்கும்மா."

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், இடுப்புயர இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டுத் திருப்பினேன். அசையவில்லை. போட்டோ எடுப்பவர், "கொஞ்சம் சிரிங்க மேடம்" என்றார். சிரித்தேன். அதற்கும் அது அசையவில்லை.

ஓரமாக நின்றிருந்த வால்வுக்காரரின் மனைவி வந்து சாவியை வாங்கினாள். "இது பழைய வால்வு மேடம். வலப்பக்கமா திருப்பணும்." காலை ஊன்றி ஒரு அழுத்து அழுத்தினாள். குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"ஏம்மா, கொஞ்சம் தள்ளி நில்லு. படத்துல விழுற" என்றார் அதிகாரி.

அவள் தள்ளி நின்றாள். படம் அழகாக வந்தது. பெண்கள் நீரை ஆள்கிறார்கள் என்று அதன் கீழே எழுதினார்கள். அதில் நான் சிரித்துக்கொண்டிருப்பதை இப்போது சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கூச்சத்தில்தான், அவளைத் தற்காலிகப் பணியாளராகவாவது சேர்க்கும்படி எழுதி அனுப்பினேன். பணியின் கடினத்தையும் பெண்களின் பாதுகாப்பையும் கருதி இயலாது என்று பதில் வந்தது. அவளிடம் படித்துக் காட்டினேன்.

"அப்ப நாலு வருசமா நான் ஆபத்துலயா இருந்தேன்? ஒருத்தரும் சொல்லலியே மேடம்."

அடுத்த மாதம் போச்சம்பள்ளி கம்பெனி ஒன்றில், பொருள்களைப் பூட்டும் லைனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீட்டு வாசலுக்கே கம்பெனி பஸ் வந்தது.

இங்கே மூன்றே நாளில் கீழ்த்தெருவில் தண்ணீர் வழிந்து சாக்கடையில் ஓடியது. மேல்தெருவில் காலிக் குடம் உருண்டது. ஜனங்கள் தமிழிலும் தெலுங்கிலும் எங்களைத் திட்டினார்கள். அதிகாரி தானே அவளுக்குப் போன் போட்டார்.

"சார், லைன்ல நிக்கறேன். அப்பறம் பேசுறேன்" என்று அவள் வைத்துவிட்டாள். அவரிடம் யாரும் அப்படி வைத்ததில்லை.

பிறகு ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்களைப் போட்டார்கள். கடினமான வேலையல்லவா, இரண்டு பேர் வேண்டும். இருவரும் அவளுடைய டீ நேரத்துக்குக் காத்திருந்து, எந்த வால்வை எப்போது அடைப்பது என்று போனில் கேட்டுக்கொண்டார்கள். அவளும் பொறுமையாகச் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பார்த்தபோது கேட்டேன். "இவ்வளவு பண்ணினவங்களுக்கு எதுக்குச் சொல்லித் தர்ற?"

கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "எங்க வீடும் மேல்தெருவுலதான மேடம் இருக்குது."