ப்ச் என்றேன், கிடார் நின்றது

யாரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தே, பெருமாள் சாட்சியாகச் சொல்கிறேன்.

இன்று மத்தியானம் நியூயார்க் பக்கத்து ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு சின்ன அரங்கம். எழுபதைத் தாண்டிய கிடார் மேதை ஒருவரின் கச்சேரி. என் மகள் காவ்யா தன் கிடாரில் அவர் கையெழுத்தை வாங்கியே தீருவது என்று அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். முதல் வரிசை வேறு.

முதல் பாட்டிலேயே கூரை இரண்டடி எழும்பியது. டர்ன்பைக் நெடுஞ்சாலையில் லாரிகள் ஓரங்கட்டின. பார்க்கிங்கில் மான்கள் வந்து வரிசையாக உட்கார்ந்தன.

நான் சும்மா இருப்பேனா? தொடையில் தாளம் போட்டுத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, நல்ல இடம் வரும்போதெல்லாம் நம் சபா வழக்கப்படி "ப்ச்... ப்ச்" என்று உச்சுக்கொட்டி ரசித்தேன்.

கிடார் நின்றது. மனிதர் முகம் வாடிவிட்டது. "சார், அவ்வளவு மோசமாகவா வாசிக்கிறேன்?" என்று மைக்கிலேயே ஆங்கிலத்தில் கேட்டார்.

"அப்பா, ஸ்டாப்! ஹீ திங்க்ஸ் யூ ஹேட் இட்!" காவ்யாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கையெழுத்து போச்சு!

எழுந்து நின்றேன். "ஐயா, எங்க ஊர்ல இதுதான் ஸ்டாண்டிங் ஒவேஷன். உட்கார்ந்தே குடுப்போம்" என்று ஆங்கிலத்தில் முழங்கினேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த பாட்டுக்கு அரங்கமே உச்சுக்கொட்டியது, நியூயார்க் வரை கேட்டது.

சரி, கூரை பொய். மான் பொய். நான் முழங்கியதும் பொய், முணுமுணுக்கத்தான் செய்தேன். ஆனால் காவ்யாவின் கிடாரில் கையெழுத்துக்கு மேலே "ப்ச் ப்ச்" என்று ஆங்கிலத்தில் அவர் எழுதிக்கொடுத்தது நிஜம். ஸ்பெல்லிங் கேட்டார், குத்துமதிப்பாகச் சொல்லிவைத்தேன். சரியான ஸ்பெல்லிங் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லாதீர்கள்.