ஆடாத விளக்கு

அம்பத்தூரில் எங்கள் ஏரிக்கரையில் நிற்கும் கோபுரத்தை எல்லோரும் ‘லைட் ஹவுஸ்’ என்றுதான் சொல்வார்கள். கப்பல் வராத ஏரிக்கு அது எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். என் சிறுவயதில் அது வெறும் செங்கல் கோபுரம். மழைக்காலத்தில் கரைக்காவலர் அதன் உச்சியில் அரிக்கேன் விளக்கை மாட்டுவார். விளக்கு அசையாமல் நின்றால் கரை பத்திரம். அவர் அதை வீசி ஆட்டினால் மூட்டை முடிச்சோடு மேட்டுக்கு ஓட வேண்டும். பிறகு காவல் போய் பல்பு வந்தது. அப்புறம் பூங்கா அமைத்தார்கள். கோபுரத்துக்குச் சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்து, நிறம் மாறும் விளக்குகளைப் பொருத்தினார்கள். பொழுது சாய்ந்தால் தானாகவே எரியும்.

ஆனாலும் அதைப் பார்த்துத் தைரியம் சொல்லிக்கொள்ளும் பழக்கம் எங்கள் தெருவை விட்டுப் போகவில்லை.

போன மழையின்போது வேலை முடிந்து திரும்புகையில் வானகரத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டேன். மனைவி ஊரில் இல்லை. காலில் மாவுக்கட்டோடு மகள் வீட்டில் தனியாக இருந்தாள். போன் செய்தாள்.

“அப்பா, வாசப்படி தாண்டி தண்ணி வருது.”

உடனே மாடி வீட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார்.

“இன்னா தம்பி, இப்பிடி பயந்துகினு கீறே? லைட்டு ஆடாம ஜம்முனு எரியுது. கரைக்கு ஒண்ணும் ஆவல.”

“அத ஆட்டறதுக்கு அங்க ஆளே இல்லக்கா! பொண்ண மேல தூக்கிட்டுப் போங்க!”

மறுமுனையில் “டேய், ஓடியாங்கடா” என்று மகன்களைக் கூப்பிடும் சத்தம். இணைப்பு அறுந்தது.

வண்டியை பைபாஸ் ஓரத்தில் விட்டுவிட்டு நடந்தேன். வழி நெடுக அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. தெருமுனையில் இடுப்பளவு தண்ணீர். கரை உடைத்துக்கொண்டது என்று யாரோ கத்தினார்கள். எங்கள் ஜன்னல் பாதி மூழ்கியிருந்தது. அதற்குப் பின்னால் கோபுரம் நீலமாகி, ரோஜா நிறமாகி, பச்சையாகி மின்னிக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து மகள் “அப்பா!” என்று கத்தும்வரை அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கட்டைப் பிரித்துவிட்டார்கள்; இப்போது அவள் நன்றாகவே நடக்கிறாள். நான்தான் மழைச் சத்தம் கேட்டால் வாசற்படியைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இன்று மாலை தூறத் தொடங்கியதும் அக்கா மேலிருந்து குரல் கொடுத்தார்.

“தம்பி, லைட்டு எரியுது, நிம்மதியா தூங்கு!”

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். மகள் பாயையும் பரீட்சைப் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். வெறும் தூறல்தான். தலையணைகளைத் தூக்கிக்கொண்டு நானும் அவள் பின்னாலேயே போனேன்.