தயாபரன் அண்ணையின் பியோனிக்கு ஒரு போர்வை

மூன்று நாள் யோசனைக்குப் பிறகு, மண் கிண்ட நீளப்பிடி சவளை விட்டுவிட்டுக் குட்டைப்பிடி சவளைக் கொண்டுபோவதென்று முடிவு செய்தேன். மாற்றுக் கருத்துகளையும் கேட்டேன். வீட்டில் யாருக்கும் இருக்கவில்லை.

இது போன செப்டம்பரில், ஒரு சனிக்கிழமை. நோத்ர-டாம்-த-கிரேஸில் தயாபரன் அண்ணை வீட்டுப் பின்வளவில் ஒரு பியோனிப் பூச்செடி ஐந்து வருடமாகப் பூக்கவில்லை. கிழங்கைக் கொடுத்தவன் நான். என் தோட்டத்தில் பதினான்கு வகை நிற்பதால் தெரிந்தவர்கள் என்னைப் பூ டொக்டர் என்பார்கள். அந்தச் செடி பூப்பதை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று சொல்லியனுப்பியவர் அண்ணையின் மனைவி விமலா அக்கா. அவர் போய்வரும் ஆஸ்பத்திரியில் அவரிடம் அடுத்த கோடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சென்ட் லோரன்டில் என் வீட்டிலிருந்து கோட்-வெர்ட்டு மெற்றோவுக்குப் பத்து நிமிட நடை. 9.40க்கு ரயில். ஏழாவது நிறுத்தம் வில்லா-மரியா. கால் மணி நேரம். கட்டணம் 3.75 டொலர், சவளுக்குத் தனியாக இல்லை. சவளோடு ஏறினால் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே இருக்கும். இறங்கிப் பன்னிரண்டு நிமிடம் நடக்கவேண்டும்.

கிண்டிப் பார்த்தேன். கிழங்கின் முளைகள் ஒன்பது அங்குல ஆழத்தில் இருந்தன. இரண்டு அங்குலத்துக்குமேல் மண் மூடினால் பியோனி இலை விடும், பூ விடாது.

"ஏன் அண்ணை இவ்வளவு ஆழம்?"

"குளிருமெல்லே."

பனிக்காலத்தில் மேலே கம்பளிப் போர்வையும் போட்டிருக்கிறார். டோர்வல் விமான நிலையத்தில் இருபது வருடம் பனிக்குள் நின்று விமானத்துக்குப் பெட்டி ஏற்றியவர். தனக்கு யாரும் செய்யாததைச் செடிக்குச் செய்திருக்கிறார். பியோனிக்கோ குளிர் பட்டால்தான் மொட்டு வரும். கிழங்கைக் கொடுத்த அன்று இதைச் சொல்லவேண்டியவன் நான். அன்று அந்த வகைக்குப் பெயர் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து கதிரையில் இருந்தார்.

"என்ன டொக்டர், வாற ஜூனுக்குப் பூக்குமே?"

நான் மண்ணின் தன்மை பற்றிச் சொன்னேன்.

"என்ர மற்ற டொக்டரும் இப்பிடித்தான். கேட்டதை விட்டிட்டு வேற கதை கதைப்பார்."

"கிளப்பி மேல நட்டால் மூண்டு வருசம் செல்லும், அக்கா. இப்பிடியே விட்டால் பூக்காது."

"நான் கடையில வாங்கித் தாறன்," என்றார் அண்ணை.

"கடைப்பூ ஆஸ்பத்திரிக்குத் தானா வரும். நீர் கிளப்பும், டொக்டர். இந்த மனுசனை மட்டும் போர்வை போட விடாதையும். ஒரு போர்வையைப் பழுதாக்கினது காணும், மற்றது எனக்கு வேணும்."

"போடமாட்டன் எண்டுறன்," என்றார் அண்ணை.

பன்னிரண்டு மணிக்கு நட்டு முடித்தோம். 12.50க்குத் திரும்பும் ரயில்.

போக இருப்பவர்களுக்கு: பியோனியைச் செப்டம்பரில் மட்டும் கிளப்புங்கள். முளைக்குமேல் இரண்டு அங்குல மண், அவ்வளவுதான். துணி எதுவும் போடவேண்டாம். ஈரம் பிடித்துக் கிழங்கு அழுகும். குட்டைப்பிடி சவள் போதாது. இவற்றை ஐந்து வருடம் முந்திச் சொல்லியிருந்தால் இந்தப் பயணம் தேவைப்பட்டிருக்காது, 7.50 டொலரும் மிச்சம்.

விமலா அக்கா நவம்பரில் காலமானார். டிசம்பரில் முதல் பெரும்பனி கொட்டிய மறுநாள் அண்ணையைப் பார்க்கப் போனேன். செடி மூடியிருந்தது. இம்முறை இரண்டு போர்வை.