படலையடியில் வைத்த தண்ணீர்

என் மகள் இந்த மாதம் இங்கிலாந்தில் நடந்துகொண்டிருக்கிறாள். பஸ்ஸைத் தவறவிட்டு நடக்கவில்லை. லீவு எடுத்து, டிக்கெட் வாங்கி, நடப்பதற்கென்றே போயிருக்கிறாள். ஒரு பக்கக் கடற்கரையில் தொடங்கி, ஆட்டுப் பட்டிகளுக்கும் கல்மதில்களுக்கும் ஊடாக, நாட்டின் மறுபக்கக் கடற்கரைக்குப் போகும் பாதையாம். போவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டிலிருந்து இறங்கிக் கடலோரமாக நடந்து பழகினாள். முதுகுப்பைக்குப் பாரம் வேண்டுமென்று அரிசிப் பையை உள்ளே வைத்துக்கொண்டு போவாள். வந்ததும் என் மனைவி அந்த அரிசியில் அளந்து எடுத்து உலையில் போடுவாள். “அரிசிக்கும் ஊர் சுத்திக் காட்டியாச்சு” என்பாள்.

நான் புக்கெகோஹி என்ற ஊரில் கரட் கழுவிப் பெட்டியில் அடைக்கிற இடத்தில் வேலை செய்கிறேன். இருட்டோடு போய்ச் சேர்ந்து, மெஷின் ஓடத் தொடங்கும்வரை காருக்குள்ளேயே இருப்பேன். உள்ளே போனால் யாருடனாவது கதைக்க வேண்டும். காருக்குள் அந்தத் தொல்லை இல்லை. அந்த நேரம் பார்த்து மகள் வீடியோவில் கூப்பிடுவாள். இங்கே, பூமியின் தென்பாதியில், குளிர்கால மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருக்கும். அங்கே பின்னேரம். இன்னும் வெயில் இருக்கும்.

போன கிழமை கூப்பிட்டபோது முதலில் குதிக்காலில் போட்டிருந்த கொப்புளத்தைக் காட்டினாள். பிறகு ஃபோனைத் திருப்பி மேசையைக் காட்டினாள். அவளோடு நடப்பவர்கள் சுற்றி இருந்தார்கள். சாப்பாடு வந்திருந்தது. ஒருவரும் கை வைக்கவில்லை.

“ஏன் பிள்ள, சாப்பிடல்லயா?”

“ஒரு ஆள் இன்னும் வரல்ல அப்பா. ஓல்ட் மேன். ஸ்லோவாத்தான் நடப்பார். அவர் வரும்வரைக்கும் வெயிட் பண்ணுறம். தட்ஸ் த ரூல்.”

பிறகு கேட்டாள். “நீங்களும் சின்னதில இப்பிடி லோங் வோக் போனீங்களாம். அம்மா சொன்னா. ஆரோட போனீங்க?”

“அப்பாவோட. அம்மாவோட” என்றேன்.

மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. நான் போக வேண்டியிருந்தது.

சித்தப்பாவோடும் போனேன். அவரோடு போய், அவர் இல்லாமல் திரும்பி வந்தோம்.

எங்கள் ஊர் மட்டக்களப்புக்குத் தெற்கே கடற்கரை ரோட்டில் இருக்கிறது. சித்தப்பா அப்பாவின் தம்பி. அவருக்கு மனம் சரியில்லை. அதற்கு ஊரில் இருந்த சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. வந்தவர்கள் கேட்டால், “அவருக்கு உடம்புக்கு ஏலாது” என்று அம்மா சொல்வார். பல நாட்கள் அவர் நன்றாகவே இருப்பார். எனக்குப் பட்டம் கட்டித் தருவார். சில நாட்கள் வீட்டைவிட்டு இறங்கி ரோட்டில் நேரே நடந்துவிடுவார். யாராவது கண்டு சொல்ல, அப்பா சைக்கிளில் போய் ஏற்றிவருவார். சில நாட்கள் சத்தம் போடுவார். அன்றைக்கு அப்பா அவரைத் தென்னையில் கயிற்றால் கட்டிவிடுவார். நான் பக்கத்தில் போய் இருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டால் சத்தம் மெல்ல மெல்ல அடங்கும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த வருடம் மாமிக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று சித்தப்பா தானாகவே குளித்து, வேட்டி கட்டி, முன்னுக்கு வந்து, பலகாரத் தட்டை எடுத்து ஒவ்வொருவருக்கும் மரியாதையாக நீட்டினார். வீட்டில் ஒரு பெரிய மனிதர் செய்ய வேண்டியதைத்தான் அவர் செய்கிறார் என்று எனக்குப் பட்டது. பிறகு அவர்கள் குடித்து வைத்த கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, அடியில் கிடந்த தேநீரையெல்லாம் குடித்து முடித்தார். வந்தவர்கள் தங்கள் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள்.

அடுத்த கிழமை மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்து சொன்னது இதுதான். பெண்ணைப் பிடித்திருக்கிறது. எல்லாம் சரி. வீட்டில் அந்த ஆள் இருப்பதுதான் சரியில்லை.

மூன்றாம் நாள் அப்பா, தம்பிக்குச் சுகம் கிடைக்கக் கதிர்காமத்துக்கு நடப்பதாக நேர்த்தி வைத்திருக்கிறேன் என்றார். மாமி வீட்டைப் பார்த்துக்கொள்ள, நாங்கள் நால்வரும் போவதென்று முடிவானது. பள்ளிக்கூடம் விட்டுப் போகலாம் என்பதால் எனக்கு ஒரே சந்தோஷம்.

எங்கள் பக்கத்தில் கதிர்காமக் கோயிலின் ஆடிமாதக் கொடியேற்றத்துக்குக் கூட்டம் கூட்டமாக நடந்து போவார்கள். ஊர் ஊராகக் கோயில்களில் தங்கி, உகந்தையில் காட்டுக்குள் இறங்கி, அந்தப் பக்கம் கதிர்காமத்தில் ஏற வேண்டும். எங்கள் கூட்டத்துக்கு முன்னால் ஒருவர் வேல் தூக்கிக்கொண்டு நடந்தார். வேல்சாமி என்போம். புறப்படும் அன்று அவர் எல்லோரையும் நிறுத்தி வைத்து ஒழுங்கு சொன்னார்.

“இண்டையில இருந்து பேரும் இல்ல, உறவும் இல்ல. அப்பனும் சாமி, பிள்ளையும் சாமி. சாமி எண்டுதான் கூப்பிட வேணும். போன ஆக்கள் எல்லாரும் வீடு வந்து, படலையில கால் கழுவினாப்பிறகுதான் பழைய முறை. விளங்கிச்சா?”

“விளங்கிச்சு சாமி” என்று எல்லோருக்கும் முந்திச் சித்தப்பா சொன்னார். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

பாரம் கூடாது என்று எங்களுக்கெல்லாம் பழைய சீலைத் துண்டுகளைத்தான் அம்மா போர்வையாக மடித்து வைத்தார். சித்தப்பாவின் மூட்டையில் மட்டும் புதுப் போர்வை ஒன்று இருந்தது. தடிப்பானது, சிவப்புக் கரை போட்டது. உடுக்க இரண்டு புதுச் சாரமும், ஒரு கோப்பையும், ஒரு தட்டும் இருந்தன. எனக்கு எரிச்சலாக இருந்தது.

“எனக்கு ஏன் இல்ல?”

“காட்டுப் பனி அவருக்கு ஆகாது” என்றார் அம்மா. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டால்தான் நடப்பார் என்று அப்பா சொல்லியிருந்தார். அதனால் நான் அவருடைய கை. முதல் சில நாட்கள் நாங்கள் இருவரும்தான் கடைசி. வண்டிப் பாதையின் மணலில் கால் சுடும். நான் அழுதால் அவர் நிற்பார். அவர் நின்றால் நான் இழுப்பேன். பிறகு மெல்ல மெல்ல அவருடைய நடை நேராகியது. முன்பெல்லாம் அவர் இப்படி நடந்தால் அப்பா போய்த் திருப்பிக் கொண்டுவருவார். இப்போது ஒருவரும் திருப்பவில்லை. எல்லோரும் அவரோடு சேர்ந்து நடந்தார்கள்.

உகந்தை தாண்டிக் காட்டுக்குள் போனபின் அவர் வேறு ஆள். விறகு பொறுக்கினார். கிழவிகளின் மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்தார். கும்புக்கன் ஆற்றில் இடுப்பளவு தண்ணீர். என்னைத் தோளில் வைத்துக் கடந்து, கரையில் இறக்கிவிட்டு, திரும்பவும் இறங்கிப் போய் இன்னொரு பிள்ளையைத் தூக்கி வந்தார். ஒரு நாளும் சத்தம் போடவில்லை. ஒரு முறை நான் மறந்துபோய்ச் “சித்தப்பா” என்றபோது, வாயில் விரல் வைத்து, “சாமி எண்டு சொல்லு சாமி” என்றார்.

கஞ்சி காய்ச்சிய இடத்தில் வேல்சாமி அப்பாவிடம் சொன்னார். “இவருக்கு என்ன குறை சாமி? நம்மளவிட நல்லாத்தானே இருக்கார்.”

அப்பா அடுப்புக்குள் சுள்ளியைத் தள்ளிக்கொண்டிருந்தார். அன்று அவர் கஞ்சி குடிக்கவில்லை. அவருக்கு வயிறு சரியில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் ஆற்றங்கரையில் அம்மா துணி அலசிக்கொண்டே அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார். நான் பக்கத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

“சுகமாகிட்டார் போல இருக்கே. திரும்பக் கூட்டிக்கொண்டு போவமே.”

“வீட்ட வந்தாப் பழையபடிதான். தங்கச்சிக்கும் வயசு போகுது.”

“சாமி பாத்துக்கொண்டிருக்கு.”

“பாக்கட்டும்” என்றார் அப்பா.

கூட்டிக்கொண்டு போகாமல் வேறென்ன செய்வது என்று எனக்குத் தோன்றியது. பெரியவர்கள் சும்மா கதைப்பது வழக்கம்தானே. திரும்பவும் கல் பொறுக்கினேன்.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் குளித்தோம். கொடியேற்றம் பார்த்தோம். புறப்படும் அன்று காலையில் அப்பா சித்தப்பாவை ஆற்றோரத்தில் ஒரு மருத மரத்தடியில் இருத்தி, மூட்டையைப் பக்கத்தில் வைத்தார். போர்வையைத் தானே எடுத்து அவர் தோளில் போர்த்திவிட்டார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சித்தப்பா என் கையை விடவில்லை.

“விடு சாமி. அவனுக்கு ஒரு சாமான் வாங்கிக் குடுத்திட்டு வாறம்” என்றார் அப்பா.

சித்தப்பா என்னைப் பார்த்தார்.

“இப்ப வந்திருவம் சாமி” என்றேன் நான். என்ன வாங்கித் தருவார்கள் என்ற நினைப்பு எனக்கு. அவர் உடனே கையை விட்டார்.

அப்பா எனக்கு ஒரு தகர விசில் வாங்கித் தந்தார். பிறகு பஸ் நிலையத்துக்குப் போனோம். பஸ்ஸில் ஏறி இருந்தோம். சித்தப்பா எங்கே என்று கேட்டேன். அவர் கோயிலில் நின்று நன்றாகக் குணமாகித் திருவிழா முடிய வருவார் என்றார் அம்மா. எனக்கு இரண்டாவது தடவை எரிச்சல் வந்தது. புதுப் போர்வையும் அவருக்கு, முழுத் திருவிழாவும் அவருக்கு.

பஸ் புறப்படும் நேரத்தில் அவர் வந்தார். போர்வையைப் போர்த்தபடியே கூட்டத்துக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்களைக் காணவில்லை. நின்று, தலையை உயர்த்திக் கூப்பிட்டார்.

“சாமீ.”

நிலையத்தில் நின்றவர்களில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரும் எங்களைப் போல நடந்து வந்தவர்கள். எல்லோரும் சாமி. ஒரு கிழவர், “என்ன சாமி?” என்று கிட்டப் போனார். சித்தப்பா அவரைப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டிவிட்டு, திரும்பவும் கூப்பிட்டார். எங்கள் பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அப்பா மட்டும் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். சித்தப்பா “அண்ணன்” என்று ஒரு தரம் கூப்பிட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பிற்காலத்தில் பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் ஒழுங்கு தவறவில்லை. வீடு வந்து சேரவில்லையே.

நான் விசிலை வாயில் வைத்தேன். ஊதினால் அவர் பார்ப்பார். அம்மா அதை மெதுவாக வாங்கித் தன் மடியில் சொருகிக்கொண்டார். பஸ் ஓடியது.

வீட்டில் மாமி வேலிப் படலையடிக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். நாங்கள் கால் கழுவினோம். மாமி எங்களுக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார். உள்ளே போய் அடுப்பை ஊதினார்.

பழைய முறை தொடங்கியது என்று அம்மா சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. போன ஆக்கள் எல்லோரும் வீடு வந்தால்தானே பழைய முறை? அதனால் அப்பாவை நான் தொடர்ந்து சாமி என்றே கூப்பிட்டேன். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொரு பின்னேரமும் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துப் படலையடியில் வைத்தேன். திருவிழா முடிந்தது. தண்ணீர் அப்படியே இருந்தது. விடியப் பார்த்தால் உள்ளே இலை விழுந்து கிடக்கும். கொட்டிவிட்டுப் பின்னேரம் வேறு வைப்பேன்.

அடுத்த ஆடியில் அப்பா போய்ப் பார்ப்பதாக இருந்தது. அடுத்த ஆடியில் கலவரம் வந்தது. பிறகு அந்தக் காட்டுப் பாதையில் ஆயுதக்காரர்கள் நடந்தார்கள். என் படிப்பும் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது.

நேற்றுக் காலையும் மகள் கூப்பிட்டாள். நான் முதலில் கேட்டது, அந்தக் கிழவர் அன்றைக்கு வந்து சேர்ந்தாரா என்றுதான்.

“ஓம் அப்பா. லேட்டாத்தான் வந்தார். சூப் எல்லாம் ஆறிட்டு.” சிரித்தாள். “ஏன் கேக்கிறீங்க?”

“எங்களோட என்ட சித்தப்பாவும் வந்தவர்” என்றேன்.

“விச் சித்தப்பா?”

அவளுக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரியாது. வந்ததும் சொல்கிறேன் என்றேன். மழை விட்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு உள்ளே போனேன்.

மாமியின் கல்யாணம், நாங்கள் நடந்து போன அந்த வருடமே ஆவணியில் நடந்தது. வாசலில் பந்தல் போட்டு, வாழை கட்டி, மாப்பிள்ளை வீட்டார் வந்து பாயில் இருந்தார்கள். பெட்டியில் வெற்றிலை இல்லை என்று பந்தலுக்குள் யாரோ சொல்ல, நான் அப்பாவை நோக்கி ஓடிப் போய், “சாமி, வெத்தில முடிஞ்சுதாம்” என்றேன்.

மாப்பிள்ளையின் தகப்பன் சிரித்தார். “என்ன தம்பி, அப்பனைச் சாமி ஆக்கிப்போட்டாய்?”

“நடந்து போன ஆக்கள் எல்லாரும் இன்னும் வந்து சேரல்லத்தானே” என்றேன். எனக்குத் தெரிந்த ஒழுங்கை விளக்கிச் சொன்னேன், அவ்வளவுதான்.

அப்பா அடித்தார். அவர் என்னை அடித்தது அதுவே முதல் தடவை. வெற்றிலைப் பெட்டி கவிழ்ந்து பாக்கு உருண்டது. மாப்பிள்ளையின் தகப்பன் சிரிப்பதை நிறுத்தி, வேறு பக்கம் பார்த்தார். அம்மா ஓடி வந்து என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

பின்னேரம் மாமியை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு வீடு வெறிச்சென்றிருந்தது. கன்னம் எரிந்துகொண்டிருந்தாலும் நான் வழக்கம் போலத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்ப் படலையடியில் வைத்துவிட்டு, வேலி ஓரமாகப் போய் நின்றேன். அப்பா பந்தலுக்குள் இருந்து எழும்பி வந்தார். செம்பை உதைத்துக் கொட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் படலையைத் திறந்து ரோட்டில் இறங்கினார். தெற்குப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பிப் படலையடிக்கு வந்து, குனிந்து செம்பை எடுத்துத் தன் காலில் ஊற்றிக் கழுவினார். ஒரு காலைக் கழுவி, மற்றக் காலைக் கழுவி, திரும்பவும் முதல் காலைக் கழுவினார். தண்ணீர் முடிந்த பிறகும் வெறுங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று முழுவதும் அவர் வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை. காலில் அப்படி என்ன அழுக்கு என்று எனக்கு விளங்கவில்லை. செம்பு வெறுமையாகிவிட்டதே, சித்தப்பா வந்தால் என்ன செய்வார் என்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன்.