தாயம்மா தேய்த்த நம்பர்

தாயம்மாவுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பாள். கோபம் வராவிட்டாலும் தேய்ப்பாள். அடையாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்த காலமெல்லாம் கதவுக் கைப்பிடி, குழாய், பரிசுக் கோப்பை என்று பித்தளையாகக் கண்ணில் பட்ட எதையும் அவள் விட்டுவைத்ததில்லை. மந்தைவெளியில் கணவன் தேசப்பனின் லேத் பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. ஆயுத பூஜை வந்தால் பட்டறையின் ஸ்பானரும் சுத்தியலும் அவள் கையில் குளித்துவிட்டுத்தான் சாமி முன்னால் போகும். அவற்றோடு ஒரு துப்பாக்கியும் போகும்.

அது தேசப்பனின் தாத்தாவுக்கு வந்தது. கோபாலபுரத்தில் ஒரு பங்களாவில் அவர் வண்டியோட்டி. வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பிய முதலாளி, ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று கையில் திணித்துவிட்டுப் போனார். குழலின் வாய்வழியே மருந்தையும் ரவையையும் போட்டு இடிக்கிற பழங்காலத்துச் சாமான். செய்தவன் அதில் நம்பர் எதுவும் போடவில்லை. பிறகு தேசப்பனின் அப்பா லைசென்ஸ் கேட்டுப் போனபோது, நம்பர் இல்லாத துப்பாக்கிக்கு லைசென்ஸ் இல்லை என்று சொல்லி, ஆபீசிலேயே ஒரு நம்பரைக் கொடுத்து, பதித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அவர் எங்கே போவார்? மயிலாப்பூரில் பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து குடத்துக்கும் அண்டாவுக்கும் பேர் வெட்டுகிறவரிடம் போனார். விசைக்கு மேலே இருந்த பித்தளைத் தகட்டில், சீர்வரிசைக் குடத்தில் கல்யாணப் பெண்ணின் பேரை வெட்டுவதுபோல, புள்ளி புள்ளியாக அந்த நம்பர் ஏறியது.

பேர் வெட்டிய குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தால் பேர் என்ன ஆகும் என்று எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். துப்பாக்கிக்கும் அதுதான் ஆயிற்று. ஆயுத பூஜைக்கு என்று பேர்தானே ஒழிய, பொங்கல், ஆடி, வெள்ளையடிப்பு என்று சாக்குக் கிடைத்தபோதெல்லாம் தாயம்மா அதைச் சுவரிலிருந்து இறக்கினாள். புளி, செங்கல் பொடி, தேங்காய் நார். தகடு முகம் பார்க்கலாம் போல மின்னும். தேசப்பன் எண்ணெய் போட்டுத் துடைத்து மறுபடி மாட்டுவார். நம்பர் மங்கிக்கொண்டு வந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. வீட்டில் தினமும் இருக்கிற பொருளை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

போன தை மாதம் தேசப்பன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். காரியங்கள் முடிந்து மூச்சு விடுவதற்குள் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிந்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். தேசப்பன் ஒரு தேர்தலுக்கும் தவறியதில்லை. லைசென்ஸ்காரர் இறந்துபோனதையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்த தாயம்மா, துப்பாக்கியை அவருடைய பழைய லுங்கியில் சுற்றி, ஆட்டோ பிடித்துத் தானாகவே ஸ்டேஷனுக்குப் போனாள். யாரும் அழைக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. பின்னால் அவளுக்கு ஆறாத இடம் இதுதான்.

வழக்கமாக ரைட்டர் லைசென்ஸைப் பார்த்து நம்பரை எழுதிக்கொள்வார், துப்பாக்கி ஒரு மூலையில் சாயும், முடிந்தது. இந்த முறை புதிதாக வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் ராஜகோபாலன் துப்பாக்கியையே கையில் வாங்கிப் பார்த்தார். நம்பர் எங்கே என்றார். தாயம்மா தகட்டைக் காட்டினாள். அவர் செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், கட்டை விரலால் தடவிப் பார்த்தார். அதில் அவருடைய முகம்தான் தெரிந்தது.

அதுவரை 'உட்காருங்கம்மா' என்றிருந்த பேச்சு அந்த நிமிடமே 'நீ'க்கு இறங்கியது. நம்பரை அழித்தது யார், எப்போது, எதற்கு என்று அடுக்கினார். இது லைசென்ஸில் இருக்கிற துப்பாக்கிதானா, இல்லை வேறொன்றா என்றார். கடைசியில்,

"ஒரிஜினலை எங்க வித்தான் உன் புருஷன்?"

தாயம்மா எழுந்துவிட்டாள். "வித்தான்னு சொல்லாத சார். செத்தவரு. மரியாத குடுத்துப் பேசு."

மிச்சக் கம்பி அரை இஞ்ச் இருந்தாலும் வேலை கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்த மனுஷன் தேசப்பன். அவரைப் பார்த்து இந்த வார்த்தை. பிற்பகல் வரை அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நாளைக்கு வந்து விளக்கம் எழுதிக் கொடு என்று அனுப்பினார்கள். துப்பாக்கி அங்கேயே தங்கியது. வீட்டுக்கு வந்தவள் சுத்தமாக இருந்த இட்லிக் குண்டானை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

சாயங்காலம் ஜுவேரியா வந்தாள். அடையாறு பள்ளிக்கூடத்தில் தாயம்மா கையைப் பிடித்து ரோடு கடந்த பிள்ளை, இப்போது வக்கீல். இன்னும் 'ஆயாம்மா' என்றுதான் கூப்பிடுவாள். அவள் நிதானமாகச் சொன்னாள். நம்பர் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவரே அழித்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. ஜெயில் வரைக்கும் போகலாம். ஆனால் தப்பிக்க ஒரு வழி உண்டு. துப்பாக்கி கணவர் பொறுப்பில் இருந்தது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டால், செத்தவர் மேல் யாரும் கேஸ் நடத்தப் போவதில்லை.

"இது பழங்காலத்துத் துப்பாக்கியாச்சே, அதுக்குச் சலுகை ஒண்ணும் இல்லியா?" என்று தாயம்மா கேட்டாள்.

"இருக்கு ஆயாம்மா. சுட முடியாத நிலைமையில இருந்தா அந்தச் சட்டமே பொருந்தாது. உங்க வீட்டுத் துப்பாக்கி இன்னைக்கும் சுடும்."

துருப்பிடிக்க விட்டிருந்தால் சட்டம் எட்டிக்கூடப் பார்த்திருக்காது. எண்ணெய் போட்டதும் தேய்த்ததும்தான் தப்பு. இதைக் கேட்டதும் தாயம்மாவுக்கு யார் மேல் கோபப்படுவது என்றே புரியவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் மேல், சட்டம் எழுதியவன் மேல், இதையெல்லாம் தலையில் கட்டிவிட்டுப் படத்தில் மாலையோடு உட்கார்ந்திருக்கும் தேசப்பன் மேல் என்று மாறி மாறிப் பாய்ந்தது.

அந்த நேரம் பார்த்து டொராண்டோவிலிருந்து மகன் பாரத் கூப்பிட்டான். விஷயம் அதற்குள் அவன் காதுக்குப் போயிருந்தது. அவன் தூங்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. குடியுரிமைக்கு மனு போட்டிருக்கிறான். குடும்பத்தில் துப்பாக்கிக் கேஸ் என்று எங்காவது ஏறிவிட்டால் என்ன ஆகுமோ என்று இணையத்தில் தேடித் தேடி இல்லாத பயத்தையெல்லாம் சேர்த்துவைத்திருந்தான். அம்மாவை உள்ளே வைத்துவிடுவார்களோ என்ற பயமும் அதில் இருந்தது. அது நிஜமான பயம்தான்.

"மா, அப்பாவுக்கு இனிமே என்ன ஆகப்போவுது? அவர் பேரைச் சொல்லிட்டு வெளிய வா."

"உங்கப்பன் பேரு இன்னா கால் தொடைக்கிற கோணியாடா? வர்றவன் போறவன்லாம் தொடச்சிக்கினு போறதுக்கு?"

ஜுவேரியாதான் போனை வாங்கி, நாளைக்கு நான் கூடப் போகிறேன் என்று அவனைச் சமாதானப்படுத்தினாள். தாயம்மாவிடமும் கெஞ்சிச் சம்மதம் வாங்கிக்கொண்டாள். அல்லது வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஸ்டேஷனில் ஜுவேரியா எழுதி வந்த விளக்கத்தைப் படித்துக் காட்டினாள். என் கணவர்தான் துப்பாக்கியைக் கையாண்டு வந்தார், நம்பர் எப்படி அழிந்தது என்று எனக்குத் தெரியாது. தாயம்மா இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். பேனாவைக் கையில் வாங்கினாள். அதை அப்படியே மேஜை மேல் வைத்தாள்.

"இது பொய். நான்தான் தேச்சேன்."

ஜுவேரியா அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். ராஜகோபாலன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "அப்ப நீதான் அழிச்ச."

"அழிக்கல சார், தேச்சேன். அழிக்கணும்னு நெனைக்கறவ அரத்தை எடுப்பா. எங்க பட்டறைல அரத்துக்கா பஞ்சம்? நான் புளிய எடுத்தேன். சாமி முன்னாடி வைக்கற பொருளு அழுக்கா இருக்கக் கூடாதுன்னு தேச்சேன். அவருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

ஓரமாக நின்ற கான்ஸ்டபிள் டீயோடு சேர்த்துச் சிரிப்பையும் விழுங்கினார். ராஜகோபாலன் சிரிக்கவில்லை. ஆனால் குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. சரி, அறியாமையால் தேய்த்துவிட்டேன் என்று எழுதும்மா, உனக்குத்தான் நல்லது என்றார்.

"அறியாமையா? இத்தினி எலெக்சனுக்கும் துப்பாக்கியத் தொட்டுக்கூடப் பாக்காம லைசென்ஸப் பாத்து நம்பர் எழுதிக்கினாங்களே, அவுங்களுக்குப் போடு சார் அந்த வார்த்தைய. எனக்கு வாணாம்."

ஜுவேரியா இன்னொரு தாள் எடுத்தாள். தாயம்மா சொல்லச் சொல்ல எழுதினாள். எதைப் போட்டுத் தேய்த்தாள், எந்தெந்த நாளில் தேய்த்தாள், நம்பரை முதலில் வெட்டியது யார் என்பது வரைக்கும். தாயம்மா கையெழுத்துப் போட்டாள். அன்றைக்குக் கைது செய்யவில்லை. கூப்பிட்டபோது வர வேண்டும் என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். தகடு அரத்தால் ராவப்பட்டதா, தேய்ந்ததா என்று பார்க்கத் துப்பாக்கி சோதனைக்குப் போனது. கேஸ் தாயம்மா பேரில் ஏறியது.

பாரத் கொஞ்ச நாள் பேசவில்லை. அப்புறம் பேசினான், வக்கீல் செலவுக்கு அனுப்புகிறேன் என்றான், ஏம்மா இப்படிப் பண்ணின என்றான். தெருவில் சிலர் துப்பாக்கிக்காரி என்று காதில் விழுகிற மாதிரியே சொன்னார்கள். அவள் நின்று, எவ அது என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள்.

முதல் தகவல் அறிக்கையின் நகல் கைக்கு வந்த அன்று, ஸ்டேஷன் வாசலிலேயே ஜுவேரியாவைப் படிக்கச் சொன்னாள். சட்டப் பிரிவுகள் வந்தபோது அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை. தேசப்பன் பேர் எங்கெங்கே வருகிறது என்பது மட்டும் வேண்டும்.

"லைசென்ஸ் வெச்சிருந்தவர், காலமானார்னு ஒரு இடத்துல. அப்புறம் உங்க பேருக்குக் கீழ, கணவர் பெயர்னு ஒரு இடத்துல."

"வித்தாரு, அழிச்சாருன்னு ஒண்ணும் இல்லியே?"

"இல்ல ஆயாம்மா. அந்த இடத்துலல்லாம் உங்க பேருதான் இருக்கு."

"அது இருக்கட்டும். தேச்சது நான். கோர்ட்டுல எவன் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டு, கோபம் கொஞ்சமும் ஆறாமல், தாயம்மா பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.