வயிற்றில் வைத்த வாய்

1991 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. பிரசவத்துக்குப் பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் மறுபடி வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் நாள். காலை வேலைகள் வழக்கமான வரிசையில் நடந்தன. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டேன். பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருந்த துண்டுகளில் வெயிலில் நன்றாகக் காய்ந்தவற்றை மட்டும் எடுத்து மடித்தேன். மகளைப் பாயில் கிடத்தி வயிற்றுத் துணியை அவிழ்த்தேன். மலத்தைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன். சுற்றியுள்ள தோல் புண்ணாகாமலிருக்க வெள்ளைக் களிம்பைப் பூசி, புதுத் துணி கட்டினேன். பிறகுதான் காபி.

அவளுக்கு அப்போது ஏழு மாதம். பிறக்கும்போதே ஆசனவாய் இல்லை. மறுநாளே அறுவை செய்து, இடப்பக்க வயிற்றில் சிறு திறப்பு வைத்து, குடலை அங்கே வெளியே எடுத்துத் தைத்தார்கள். வார்டு சிஸ்டர் எனக்குச் சொல்லித்தந்தது இப்படி:

"கீழ வாய் இல்லம்மா. அதனால வயித்துல ஒரு வாய் வெச்சிருக்கோம். வாய் செவப்பா, ஈரமா இருக்கணும். கறுத்துச்சுன்னா யோசிக்காம தூக்கிட்டு ஓடி வா."

கீழே புது வழி அமைக்க, குழந்தை எடை ஏற வேண்டும். அதுவரை அந்த வாய் கெடாமல் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாக் கவலையும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிட்டது. நானும் கணவரும் வாய் வாய் என்று பேசியே பழகிவிட்டோம்.

நான் வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். எங்கள் பூந்தமல்லிக் கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்தவரின் மனைவி. நாலு பிள்ளை வளர்த்தவர். ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிட்டுத் துணியை அவிழ்த்துக் காட்டினேன். சொந்தக்காரர்களே முகத்தைத் திருப்பிக்கொண்ட இடத்தில் அவர் குனிந்து பார்த்தார்.

"அட, ரோசாப்பூ மாரி கீதேம்மா! இதுக்கா இத்தினி நாளு மூடி மூடி வெச்ச?"

கழுவுவதை ஒரே தடவையில் கற்றுக்கொண்டார். கடைசியாக, "வாய் கறுத்தா உடனே எனக்குச் சொல்லுங்கக்கா" என்றேன். "சரி, போ ஆபீசரம்மா. நான் பெத்ததுங்கள்லாம் காட்லயா வளந்துச்சு?" என்று சிரித்தார். ஸ்டோர்ஸ் பிரிவில் சரக்கு எண்ணுகிற என்னை அவர் ஆபீசராக்கி வைத்திருந்தார்.

செவ்வாய் மதியம், சாப்பாட்டு இடைவேளையில், தையல்கடையை ஒட்டிய மளிகைக் கடைக்கு போன் செய்தேன். ஆளனுப்பி அக்காவைக் கூப்பிட்டார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். அழுகை எனக்குக் கேட்டது.

"ஏன்க்கா அழறா?"

"காலைலேர்ந்து இருமிகினே கீது. இருமி இருமி அழுவுது. பால் குட்ச்சிச்சு, வாந்தி எடுத்துச்சு."

"வாய் எப்படி இருக்கு?"

"வாயா? நல்லா செக்கச்செவேல்னு கீது. ரோசாதான் இன்னிக்கி பெருசா பூத்துகீது."

நிம்மதியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பூத்தா பறிச்சு வைங்கக்கா, வந்து தலையில வெச்சுக்கறேன்."

"ஐயே, இன்னா பேச்சு பேசற நீ!" என்றார். குரலில் சிரிப்பு இல்லை. மேலதிகாரி என் பக்கம் பார்த்தார், போனை வைத்துவிட்டேன்.

இருக்கையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன். அக்காவின் வாசல் கண்முன் வந்தது. பெயிண்ட் டப்பா ஒன்றில் மருதாணி, இன்னொன்றில் கறிவேப்பிலை. ரோஜா எங்கே இருக்கிறது? அடுத்த நொடி, ஞாயிற்றுக்கிழமை அவர் குனிந்து பார்த்து ரோசாப்பூ என்றது நினைவுக்கு வந்தது. அப்படியானால் அக்கா போனில் செவப்பு என்று சொன்ன வாய், குழந்தை அழுகிற வாய்.

அனுமதி கேட்டேனா, சொல்லிவிட்டு மட்டும் கிளம்பினேனா என்று நினைவில்லை. வானகரத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றது மட்டும் நினைவிருக்கிறது. மதுரவாயல் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் திட்டிக்கொண்டு நின்றேன்.

அக்கா வீட்டில் குழந்தை அழுது ஓய்ந்து கிடந்தாள். துணியை அவிழ்த்தேன். இருமிய வேகத்தில் குடல் விரல் நீளத்துக்கு வெளியே தள்ளியிருந்தது. நிறம் நாவற்பழம்.

"பூ கறுத்துப் போச்சே," என்றார் அக்கா. "மத்தியானம் மாத்துறப்போ செவப்பாத்தாம்மா இருந்துச்சு. பெருசா இருந்துச்சு, அதான் போன்ல சொன்னேன். நீ பறிச்சு வையின்ற. படிச்ச பொண்ணு இப்டி பேசுதேன்னு மனசே ஆறல."

"நான் செடின்னு நெனச்சேன்க்கா."

"எந்தச் செடி?"

 கொதிக்கவைத்து ஆறிய நீரில் உப்புக் கலந்து, துணியை நனைத்து, குடல்மேல் இறுக்காமல் போர்த்தினேன். அக்கா ஆட்டோ பிடித்தார். வழியெல்லாம் அவர் மடியில் குழந்தையை மல்லாக்க வைத்து, துணி உலர உலர நான் சொட்டு விட்டுக்கொண்டே வந்தேன். அக்கா குழந்தையின் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "நீ வாயின்னா, நான் இத்தத்தான்னு..." என்று ஒரு தடவை ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஈரத்துணியோடு கையை வைத்து மெல்ல மெல்ல அழுத்தி, தள்ளிய குடலை உள்ளே அனுப்பினார். வெகு நேரம் பிடித்தது. "உள்ள போயிடுச்சு. ஆனா நிறம் திரும்பணும். காலையில பார்ப்போம். திரும்பலேன்னா அந்தத் துண்டு செத்துடுச்சுன்னு அர்த்தம், மறுபடி திறக்கணும்" என்றார். கணவர் ஷிப்ட் முடிந்து வந்து வராந்தாவில் நின்றார். மறுபடி மயக்க மருந்தை இந்த எடை தாங்குமா என்று அவர் என்னிடம் கேட்டார். நானும் அதையேதான் யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டுக்குப் போக மறுத்துவிட்டார்.

மறுநாள் காலை விடிந்ததும் முதல் வேலையாகக் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தி, வயிற்றுத் துணியை அவிழ்த்தேன். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

"நீ பாரு. என்னால முடியாது. ரோசா இன்னா கலரு?"

விளிம்பில் ஓரிடம் இன்னும் நீலம் பாய்ந்திருந்தது. விரலில் துணி சுற்றி, ஆறிய நீரில் நனைத்து ஒற்றினேன். ஈரமாக இருந்தது. மற்ற இடமெல்லாம் பார்த்தேன், இன்னொரு தடவையும் பார்த்தேன்.

"ரோசா செவப்புக்கா," என்றேன். "ஒரு எதழு மட்டும் பாக்கி."