கோதாவின் பெயரில் நடந்ததெல்லாம்

தாமல் வெங்கடேசனைக் கம்ப்யூட்டர் படித்தவன் என்பதைவிடச் சிக்கனக்காரன் என்பதே பொருத்தம். 2006இல் சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜன் தன் பட்டுக்கடைக்கு இணையதளம் வைத்தபோது எழுதிக் கொடுத்தவன் அவன்தான். கடை ஆட்கள் அதில் செய்வதெல்லாம் பதிவாக வேண்டும் என்றார் முதலாளி. இவனும் ஆர்வக் கோளாறில், எதைத் தொட்டாலும் பதிவாகும்படி செய்துவைத்தான். முகூர்த்த சீசனில் தளம் மாட்டுவண்டியாக ஊர்ந்தது. பிறகு வெட்டிக் குறைத்தான். யார், என்ன, எப்போது, அவ்வளவுதான். அதையும் உடனுக்குடன் எழுதாமல், சேர்த்துவைத்து மொத்தமாக எழுதச் செய்தான். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து என்ற விவரம் அந்த வெட்டில் போயிற்று. தளம் பறந்தது. வெங்கடேசனுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கடையில் பில் போடும் கோதாவுக்குக் கைராசி என்று முதலாளிக்கு நம்பிக்கை. போணி அவள் கையால்தான். கம்ப்யூட்டர் வந்ததும் அந்த நம்பிக்கை அதற்குள்ளும் புகுந்துகொண்டது. காலையில் எல்லாக் கம்ப்யூட்டரையும் கோதாவின் பெயரில்தான் திறப்பார்கள், அவள் லீவு போட்டாலும். பிறகு யார் வேண்டுமானாலும் உட்காரலாம். இதை வெங்கடேசனிடம் யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

வைகாசியில் ஒரு கல்யாணப் புடவை ஆர்டர் ரத்தாகிவிட்டது. முகூர்த்தத்துக்குப் புடவை போய்ச் சேரவில்லை. பதிவில் கோதாவின் பெயர். தான் செய்யவில்லை என்று அவள் அழுதாள். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று சொல்லி வரதராஜன் அவளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார். அத்தனை நாள் கைராசி ஒரே நாளில் காற்றோடு போனதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

வெங்கடேசனுக்கும் மனசு ஆறவில்லை. பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டான்.

"சார், தை மாசம் கோதா கல்யாணத்துக்குப் போனீங்களே, ஞாபகம் இருக்குதா?"

போகாமல் என்ன, முகூர்த்தப் புடவையே தான் கொடுத்ததுதான் என்றார் அவர்.

"அன்னிக்குப் பூரா அவங்க இங்க பில் போட்டுக்கினு இருந்தாங்கன்னு சொல்லுது சார் இது. இத இப்படி எழுதினது என் தப்பு."

வரதராஜன் செருப்பை மாட்டிக்கொண்டு, தானே கோதா வீட்டுக்கு நடந்தார். ஆர்டரை ரத்து செய்தது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. அது அவராகவும் இருக்கலாம்.

ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல் என்று வெங்கடேசன் மாற்றியெழுதினான். கோதா திரும்பி வந்த அன்று, பழக்கதோஷத்தில் எல்லாரும் அவள் வந்து திறக்கட்டும் என்று காத்திருந்தார்கள், முதலாளி உள்பட. கோதா தன் கம்ப்யூட்டரை மட்டும் திறந்தாள்.

"இனிமே என் பேர்ல நான் செஞ்சது மட்டும் இருந்தாப் போறும், சார்."